ஊசியும் எழுத்தும்: இங்கிலாந்தின் தையல் மாதிரித் துணிகள் காட்டும் பெண்கல்வி வரலாறு

1840 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளிற் கையொப்பமிட வேண்டியிருந்த மணமகளிருள் ஏறக்குறைய அரைவாசிப் பேர் தம் பெயரை எழுத இயலாது ஒரு குறியை மட்டும் இட்டுச் சென்றனர். மணமகன்மாருள் அவ்வாறு குறியிட்டோர் மூன்றிலொரு பங்கினராவர். எழுத்தறிவின் பரவலை ஆராயும் வரலாற்றாசிரியர் இப்பதிவேடுகளை முக்கிய சான்றாகக் கொள்வது வழக்கம். ஆயின், அதே காலத்துத் தொழிலாளர், கைவினைஞர், சிறு வணிகர் ஆகியோரின் பெண்மக்கள் வேறொரு வகைச் சான்றையும் விட்டுச் சென்றுள்ளனர். எட்டு அல்லது ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஆங்கில நெடுங்கணக்கையும் எண்களையும் பக்திப்பாடல் ஒன்றையும், இறுதியில் தன் பெயரையும் வயதையும் ஆண்டையும் நூலால் தைத்து முடித்த துணியே அச்சான்று. இத்தகைய துணிகள் பல இன்று நூதனசாலைகளிலும் தனியார் சேகரிப்புக்களிலும் பேணப்பட்டு வருகின்றன. ஆங்கிலத்தில் இவை 'சாம்ப்ளர்' எனப்படும். தமிழில் இவற்றைத் தையல் மாதிரித் துணிகள் எனலாம்.

இவ்விரு சான்றுகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஒரு வினா எழுகின்றது. பெண்பிள்ளைகளின் கையிற் பேனாவைக் கொடுக்கத் தயங்கிய ஒரு சமுதாயம், அதே கைகளில் ஊசியைக் கொடுத்து எழுத்துக்களைத் தைக்குமாறு பணித்தது ஏன்? அவ்வாறு தைக்கப்பட்ட எழுத்துப் பணித்தவருடைய எழுத்தா, தைத்தவளுடைய எழுத்தா? இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் தோற்றமும்

'சாம்ப்ளர்' என்னும் ஆங்கிலச் சொல், 'எக்ஸெம்ப்ளும்' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பின்பற்றுதற்குரிய எடுத்துக்காட்டு என்பது அதன் பொருள். ஒரு தையல் முறையையோ பூவேலைக் கோலத்தையோ மறவாதிருக்கும்பொருட்டுத் துணியின் ஒரு மூலையிற் சிறிதளவு தைத்துப் பார்த்து வைத்துக்கொள்வதே இதன் தொடக்கப் பயன்பாடாகும். இன்றைய மாணவர் குறிப்புப் புத்தகம் வைத்திருப்பதுபோல் அன்றைய தையற்காரியர் இத்துணியை வைத்திருந்தனர். எகிப்திய நாட்டு இடுகாடுகளிலிருந்து கிடைத்த மம்லூக்கர் காலத்துத் துணிகளிலும் இத்தகைய மாதிரிகள் காணப்படுவதால், இவ்வழக்கம் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவாகும்.

இங்கிலாந்தைப் பொறுத்தவரை, ஏழாம் ஹென்றி மன்னனின் அரசியான யோர்க் எலிசபெத்தின் 1502 ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் இது பற்றிய குறிப்பு உள்ளது. அரசிக்கு மாதிரித் துணி செய்வதற்கென வாங்கிய ஒரு 'எல்' அளவு லினன் துணிக்கு எட்டுப் பென்ஸ் செலுத்தப்பட்டதாக அது கூறுகின்றது. 'எல்' என்பது ஏறக்குறைய 45 அங்குலம் கொண்ட அக்கால அளவை. இச்சிறு குறிப்பிலிருந்து ஓர் உண்மை புலப்படும். அக்காலத்தில் மாதிரித் துணி என்பது சிறுமியரின் பயிற்சிப் பொருளன்று; தேர்ச்சி பெற்ற பெண்களின் கைப்பொருளாகும். 1520 களில் ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் அச்சிட்ட பூவேலைக் கோலப் புத்தகங்கள் வெளிவரத் தொடங்கின. ஆனால் அவை எளிதில் எல்லோர் கைக்கும் எட்டவில்லை. எனவே கோலங்கள் ஒரு துணியிலிருந்து இன்னொரு துணிக்கு, ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்கு எனக் கைமாறியே பரவின. சேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தில் வரும் தோழியர் இருவர் ஒரே மாதிரித் துணியில் ஒன்றாக அமர்ந்து ஒரே பூவைத் தைத்த பழைய நாட்களை ஒருத்தி நினைவுகூர்வதும் இவ்வழக்கத்தையே காட்டுகின்றது.

ஆண்டு குறிக்கப்பெற்ற ஆங்கில மாதிரித் துணிகளுள் இன்று கிடைப்பனவற்றில் மிகப் பழையது 1598 ஆம் ஆண்டுக்குரியது. இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையிலுள்ள இத்துணியைத் தைத்தவர் ஜேன் பொஸ்ரொக் என்பவர். பட்டு நூலும் உலோக இழையும் சிறு முத்துக்களும் கொண்டு தைக்கப்பட்ட இதன் மேற்பகுதியில் நாய், மான் முதலிய உருவங்களும், கீழ்ப்பகுதியிற் பலவகைக் கோலங்களும் அமைந்துள்ளன. இவற்றுக்கிடையே நெடுங்கணக்கும், அதனைத் தொடர்ந்து, 1596 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் தேதி அலிஸ் லீ என்னும் குழந்தை பிறந்த செய்தியும் தைக்கப்பட்டுள்ளன. ஒரு பெண்குழந்தையின் பிறப்பை இன்னொரு பெண் நாள், கிழமை, பொழுது ஆகியவற்றோடு பதிவுசெய்து தன் பெயரையும் இட்டுள்ளமை கவனத்திற்குரியது. கோலங்களின் தொகுப்பாக மட்டும் இருந்த துணி, இங்கே ஓர் ஆவணமாகவும் மாறத் தொடங்குகின்றது.

குறிப்பேட்டிலிருந்து பயிற்சிக்கு

பதினேழாம் நூற்றாண்டின் மாதிரித் துணிகள் பெரும்பாலும் ஒடுங்கிய நீண்ட வடிவுடையன. அகலம் ஒரு சாணளவாகவும் நீளம் அதனைப்போற் பன்மடங்காகவும் இருக்கும். கரைக்கோலங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக அமையும். வேண்டாதபோது சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொள்வர். இந்நூற்றாண்டில் அச்சிட்ட கோலப் புத்தகங்கள் பெருகப் பெருக, குறிப்பேடு என்ற அளவில் துணிக்கிருந்த தேவை குறைந்தது. ஆனால் துணி மறையவில்லை. தேர்ந்த பெண்களின் கையிலிருந்து அது சிறுமியரின் கைக்கு மாறியது. தைத்தவளின் பெயரும் வயதும் ஆண்டும் பெருவழக்காக இடம்பெறத் தொடங்கியமை இம்மாற்றத்தின் அடையாளமாகும்.

வசதிபடைத்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தியின் தையற்கல்வி எப்படி அமைந்தது என்பதற்கு மார்தா எட்லின் சிறந்த எடுத்துக்காட்டாவார். 1660 இற் பிறந்த இவர் எட்டு வயதில், 1668 இல், வண்ணப் பட்டுநூல் கொண்டு ஒரு மாதிரித் துணியைத் தைத்து முடித்தார். அடுத்த ஆண்டில் அதனினும் கடினமான வெண்ணூல் வேலையில் இன்னொன்றைச் செய்தார். பதினொரு வயதில், 1671 இல், சித்திரத் தையலால் முழுவதும் போர்த்தப்பட்ட சிறு பேழையொன்றை உருவாக்கினார். படிப்படியாக உயரும் ஒரு பாடத்திட்டம் இங்கே தெரிகின்றது. இப்பொருட்கள் அவரது வழித்தோன்றல்களால் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் போற்றிக் காக்கப்பட்டு, இன்று விக்ரோறியா அல்பேட் நூதனசாலையில் உள்ளன. நிலமும் பட்டமும் ஆண்வழிச் சென்ற ஒரு சமுதாயத்தில் பெண்களின் கைவேலைக்கு இத்தகைய மதிப்பு இருந்தமை குறிப்பிடத்தக்கது.

இதே காலத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலும் இவ்வழக்கம் குடியேறியது. 1620 இல் 'மேஃபிளவர்' கப்பலில் அமெரிக்கா சென்ற குடியேறிகளின் படைத்தலைவர் மைல்ஸ் ஸ்ராண்டிஷ் ஆவார். அவருடைய மகள் லோரா 1650 களின் தொடக்கத்தில் தைத்த துணியே அமெரிக்காவிற் செய்யப்பட்டவற்றுள் இன்று அறியப்படும் மிகப் பழைய மாதிரித் துணி. அது பிளிமத் நகரின் பில்கிரிம் ஹோல் நூதனசாலையில் உள்ளது. கோலங்களின் கீழே அவர் தன் பெயரையும், தன் இதயத்தையும் கைகளையும் நல்வழியிற் செலுத்துமாறு இறைவனை வேண்டும் சில அடிகளையும் தைத்துள்ளார். கைத்திறனும் நல்லொழுக்கமும் ஒரே வேண்டுதலில் இணைந்து நிற்பதை இங்கு அவதானிக்கலாம். எடுத்துக்காட்டு என்ற சொல்லின் பொருளே இதனோடு மாறுகின்றது. முன்னர்த் துணி தையலுக்கு எடுத்துக்காட்டு. இப்போது அதனைத் தைத்த சிறுமியின் பண்புக்கும் அதுவே எடுத்துக்காட்டு.

எழுத்துக்களின் பொருளாதாரம்

பதினெட்டாம் நூற்றாண்டில் மாதிரித் துணியின் உருவமே மாறிற்று. நீண்ட துணி சதுரமாயிற்று. நான்கு புறமும் பூங்கரை அமைந்தது. நடுவில் நெடுங்கணக்கு, எண்கள், செய்யுள், வீடு, மரங்கள், பறவைகள் என்பன ஒழுங்காக இடம்பெற்றன. பெட்டியிற் சுருண்டு கிடந்த துணி சட்டமிடப்பட்டு வரவேற்பறைச் சுவரில் ஏறியது. தையல் முறைகளின் வகை குறைந்து குறுக்குத் தையலே மேலோங்கிற்று. கலைநோக்கிற் பார்ப்போர் இதனை வீழ்ச்சி என்பர். சமூக வரலாற்று நோக்கில் இதுவே கவனத்துக்குரிய கட்டமாகும்.

எழுத்துக்கள் ஏன் இத்துணை முதன்மை பெற்றன? இதற்கு நடைமுறைக் காரணமொன்று உண்டு. இயந்திர நெசவு பரவுமுன்னர், படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, துவாய், உள்ளாடை என்பன ஒரு வீட்டின் விலைமதிப்புள்ள சொத்துக்களாக இருந்தன. அவற்றில் உரிமையாளரின் பெயர் முதலெழுத்துக்களையும் வரிசை எண்ணையும் சிறு குறுக்குத் தையலால், பெரும்பாலும் சிவப்பு அல்லது நீல நூல்கொண்டு, குறித்து வைப்பது வழக்கம். சலவைக்குப் போய்வரும் துணிகள் மாறிவிடாமலும் களவு போகாமலும் இருக்க இது உதவியது. ஒல்லாந்தர் தம் மாதிரித் துணிக்கு 'மேர்க்லாப்', அதாவது குறியிடும் துணி, என்று பெயரிட்டமையும் இப்பயன்பாட்டையே சுட்டும். எழுத்துக்களைத் தைக்கத் தெரிந்த பெண் தன் வீட்டை நிருவகிக்கவோ, பிறர் வீட்டிற் பணிப்பெண்ணாக ஊதியம் பெறவோ தகுதியுடையவளானாள்.

இதனால் ஒரே துணி இரு வகுப்பினருக்கு இருவேறு பொருள் தந்தது. செல்வர் வீட்டு மகளுக்கு அது நாகரிகப் பயிற்சியின் சான்றிதழ். அவள் பட்டுநூல் கொண்டு தேசப்படங்களையும் நாட்காட்டிகளையும்கூடத் தைத்தாள். வறியவர் மகளுக்கு அது வேலைதேடும்போது காட்டும் தகுதிப் பத்திரம். பிரிஸ்ரல் நகரின் ஆஷ்லி டவுன் என்னுமிடத்தில் ஜோர்ஜ் மியூலர் நிறுவிய அநாதை இல்லங்களின் துணிகள் இரண்டாம் வகைக்குத் தக்க உதாரணமாகும். முதலாவது இல்லம் 1849 இல் திறக்கப்பட்டது. 1870 அளவில் ஐந்து இல்லங்களில் ஏறத்தாழ 2,000 பிள்ளைகள் தங்க இடமிருந்தது. இங்கு வளர்ந்த சிறுமியர் வெண்துணியிற் சிவப்பு நூலால் பல்வேறு அளவுகளில் நெடுங்கணக்குக்களையும் எண்களையும் இடைவெளியின்றி நிரப்பினர். வீடும் மரமும் தேடுவோர் அங்கே காண்பது அரிது. மிகச் சிறிய எழுத்தையும் பிழையின்றித் தைக்கவல்ல கை இது என்பதை வருங்கால எசமானிக்கு எடுத்துக்காட்டுவதே அத்துணியின் நோக்கமாக இருந்தது.

பேனா மறுக்கப்பட்டமை

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்தே கற்பிக்கப்பட வேண்டியவை என்பது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றும். அக்கால இங்கிலாந்தில் நிலைமை அவ்வாறிருக்கவில்லை. முதலில் வாசிப்பு, எழுத்துப் பின்னர், அதுவும் பெரும்பாலும் வேறு கட்டணத்துக்கு. பல பிள்ளைகள் எழுத்துவரை செல்லுமுன்னரே பாடசாலையை விட்டு நீங்கினர். தருமப் பாடசாலைகள் பலவற்றில் ஆண்பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கப்பட்ட நேரத்திற் பெண்பிள்ளைகள் தையலுக்கும் பின்னலுக்கும் அனுப்பப்பட்டனர். 1789 முதல் மெண்டிப் மலைப்பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் நடத்திய ஹன்னா மோர் அம்மையார், தம் பாடசாலைகளில் ஏழைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தாம் அனுமதிப்பதில்லை என்று வெளிப்படையாகவே கூறியுள்ளார். அவர் தாமே புகழ்பெற்ற எழுத்தாளராக இருந்தமை ஈண்டு எண்ணத்தக்கது.

இக்கொள்கையின் அடிப்படை தெளிவானது. வாசிக்கத் தெரிந்தவர் பிறர் கூறுவதைப் பெற்றுக்கொள்வர். எழுதத் தெரிந்தவர் தாமே கூறுவதற்கும் உரியராவர். வேதத்தை வாசிக்கும் பணிப்பெண் வேண்டும். கடிதம் எழுதும் பணிப்பெண் வேண்டியதில்லை. தைக்கப்பட்ட எழுத்து இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஓர் எழுத்தைத் தைப்பதற்கு இழைகளை எண்ண வேண்டும். ஓரடிச் செய்யுளை முடிக்க நாட்கள் செல்லும். ஒவ்வோர் எழுத்தும் ஆசிரியையின் கண்முன்னரே உருவாகும். பிழையெனில் பிரித்துவிட்டு மீண்டும் தைக்க வேண்டும். தன்னிச்சையாக எதனையும் கூறிவிட இயலாத எழுத்து அது. எழுத்தின் பயன் முழுவதும் உண்டு. எழுத்தின் சுதந்திரம் மட்டும் இல்லை.

செய்யுட்களின் பொருளும் இதற்கு இயைந்ததாகவே இருந்தது. ஐசாக் வாட்ஸ் 1715 இற் பிள்ளைகளுக்கென வெளியிட்ட பக்திப் பாடல்கள் ஆங்கில மாதிரித் துணிகளிற் பெரிதும் இடம்பெற்றன. வாழ்வின் நிலையாமை, பெற்றோருக்குப் பணிதல், அழகின் வீண்பெருமை, சோம்பலின் தீமை என்பனவே திரும்பத் திரும்ப வரும் பொருள்கள். ஏழு வயதுச் சிறுமி தன் மரணத்தைப் பற்றிய அடிகளை வாரக்கணக்கிற் குனிந்திருந்து தைத்தாள். அவ்வடிகள் அவள் உள்ளத்தில் தோன்றியவை எனக் கொள்வது பேதைமை. அவை ஆசிரியையோ பெற்றோரோ தெரிந்து கொடுத்தவை. ஆகவே மாதிரித் துணியைச் சான்றாகக் கொள்வோர், தைத்த கையையும் தெரிந்த கருத்தையும் வேறுபடுத்தி நோக்குதல் அவசியம்.

எல்லாப் பாடசாலைகளும் ஒரே தன்மையுடையனவாக இருக்கவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். 'குவேக்கர்' எனப்படும் நண்பர் சபையினர் 1779 இல் யோர்க்ஷயரின் அக்வர்த் என்னுமிடத்தில் வசதி குறைந்த தம் பிள்ளைகளுக்கெனப் பாடசாலையொன்றை நிறுவி, ஆண் பெண் இருபாலாருக்கும் கல்வி வழங்கினர். இங்கு தைக்கப்பட்ட துணிகள் எண்கோண, அரைவட்டக் கோலங்களும் எளிய நிறங்களும் கொண்டவை. அவற்றினிடையே தோழியர், உறவினர் ஆகியோரின் பெயர் முதலெழுத்துக்களைத் தைத்து வைக்கும் வழக்கம் இருந்தது. கிழிந்த துணியை இழையோட்டிச் சீர்செய்யும் மாதிரிகளும் அங்கு செய்யப்பட்டன. இதே சபையினர் 1799 இல் பென்சில்வேனியாவில் திறந்த வெஸ்ற்ரவுண் பாடசாலையின் மாணவியர் பட்டுத்துணியால் பூகோள உருண்டைகள் செய்து, அகலக்கோடுகளையும் நெடுங்கோடுகளையும் நூலாற் குறித்தனர். அங்கு ஊசி, அறிவுக்குப் பதிலாக அன்றி, அறிவுக்குத் துணையாகக் கொடுக்கப்பட்டது.

எலிசபெத் பாக்கரின் துணி

பணிக்கப்பட்ட எழுத்தை ஒரு பெண் தன் எழுத்தாக மாற்றிக்கொண்ட நிகழ்ச்சிக்கு எலிசபெத் பாக்கரின் துணியினும் சிறந்த சான்றைக் காண்பதரிது. 1813 இல் சசெக்ஸ் மாவட்டத்து அஷ்பேர்ணம் என்னும் ஊரில் ஒரு கூலித் தொழிலாளியின் மகளாக இவர் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர். பதின்மூன்று வயதளவில் பிள்ளைகளைப் பராமரிக்கும் பணிப்பெண்ணாக வீட்டைவிட்டுச் சென்றார். 1830 அளவில் அவர் தைத்த துணி விக்ரோறியா அல்பேட் நூதனசாலையில் உள்ளது. அதில் பூங்கரை இல்லை. வீடும் மரமும் பறவையும் இல்லை. ஐசாக் வாட்ஸின் பாடலும் இல்லை. வெண்ணிற லினன் துணியிற் சிவப்புப் பட்டுநூலால், மிகச் சிறிய குறுக்குத் தையலில், வரிக்குக் கீழ் வரியாக 46 வரிகள் மட்டுமே உள்ளன. ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட தன்வரலாறு அது.

தனக்கு எழுதத் தெரியாதென்றும், நெருங்கிய ஒருவரிடம் பேசுவதுபோல் இதனை எளிமையாகக் கூறுவதாகவும் அவர் தொடங்குகின்றார். தன் பிறப்பையும் பெற்றோரையும் கூறியபின், பணிசெய்த வீடொன்றில் தனக்கு இழைக்கப்பட்ட கொடுமையை விவரிக்கின்றார். எசமானின் தீய எண்ணத்துக்கு இணங்க மறுத்ததனால் மாடிப்படியிலிருந்து கீழே தள்ளப்பட்டதாகச் சொல்கின்றார். துன்பத்தை எவரிடமும் கூற இயலாது தன்னுயிரை மாய்த்துக்கொள்ள எண்ணியதையும், அவ்வெண்ணம் பெரும் பாவமென அஞ்சி அலமந்ததையும் மறைக்காது தைக்கின்றார். இறைவனிடம் மன்னிப்புக் கேட்கும் வேண்டுதல்கள் தொடர்கின்றன. இறுதியில், தன் ஆன்மாவுக்கு என்ன நேருமோ என்ற வினாவோடு வரி நின்றுவிடுகின்றது. அதன்பின் தையல் இல்லை.

இத்துணியில் அவதானிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இதன் கருவிகள் யாவும் பாடசாலை தந்தவை. சிவப்பு நூல், குறுக்குத் தையல், சிறிய எழுத்து ஆகிய அனைத்தும் வீட்டுத் துணிகளிற் குறியிடும் பணிக்காகக் கற்பிக்கப்பட்டவை. எசமானரின் படுக்கை விரிப்பில் எசமானரின் முதலெழுத்தை இடுவதற்குக் கற்பிக்கப்பட்ட திறனே எசமானின் கொடுமையைப் பதிவுசெய்யப் பயன்பட்டது. இரண்டாவது, எழுதத் தெரியாது என்ற கூற்று. பேனா பிடிக்க அறியாமையை இது குறிக்கின்றதா, இத்தகைய செய்தியைத் தாளில் எழுதத் துணிவின்மையைக் குறிக்கின்றதா என்பது ஆய்வாளரிடையே விவாதத்துக்குரியதாக உள்ளது. பிற்காலத்தில் அவர் தம் ஊரிலேயே ஆசிரியையாகப் பணியாற்றியமை பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளாற் புலனாகியுள்ளது. தம் சகோதரியின் மகளை வளர்த்து, திருமணமின்றி வாழ்ந்து, 1889 இல் 76 வயதில் அவர் மறைந்தார். எக்காரணத்தினாலாயினும், வாய்விட்டுக் கூற முடியாததைக் கூறுவதற்கு அவர் ஊசியையே தேர்ந்தெடுத்தார் என்பதில் ஐயமில்லை. தையல் தந்த நீண்ட நேரமும், தலைகுனிந்து தைக்கும் பெண்ணை எவரும் சந்தேகிக்காத நிலையும் அவருக்கு உதவியிருத்தல் கூடும்.

மறுப்பும் விமரிசனமும்

பாக்கரைப்போல் நீண்ட வாக்குமூலம் தந்தவர் அரியர். ஆயினும் சிறு மறுப்புக்கள் வேறிடங்களிலும் கேட்கின்றன. எதெல் போல்ற்றன், ஈவா கோ ஆகியோர் 1921 இல் வெளியிட்ட 'அமெரிக்க மாதிரித் துணிகள்' என்னும் தொகுப்பு, 1800 அளவில் மேரிலண்டிற் பத்து வயதுச் சிறுமி பற்றி போல்க் தைத்த துணியைக் குறிப்பிடுகின்றது. மலர் மாலையின் நடுவே, 1799 இல் மறைந்த ஜோர்ஜ் வாஷிங்டனின் நினைவாக ஒரு கல்லறை. அதன்கீழ்த் தான் போட்ட ஒவ்வொரு தையலையும் வெறுத்ததாகவும், வாசிப்பதையே மிக விரும்புவதாகவும் அச்சிறுமி தைத்துள்ளாள். வேறு சில துணிகளிற் பிறந்த ஆண்டோ தைத்த ஆண்டோ பிற்காலத்தில் நூல் பிரித்து அகற்றப்பட்டுள்ளது. சுவரில் தொங்கிய துணி தன் வயதை வந்தவர்க்கெல்லாம் கூறுவதை விரும்பாத பெண்கள் அவ்வாறு செய்தனர்.

இக்கல்விமுறைக்கெதிரான அறிவுபூர்வமான விமரிசனமும் அக்காலத்திலேயே எழுந்தது. மேரி வுல்ஸ்ரன்கிராஃப்ற் 1792 இல் வெளியிட்ட 'பெண்ணுரிமை நிலைநாட்டல்' என்னும் நூலில், தையல் பெண்களின் சிந்தனையைத் தம் உடல், ஆடை என்னும் எல்லைக்குள் அடக்கிவிடுகின்றது எனச் சாடினார். 1815 இல் மேரி லாம் தையலைப் பற்றிப் புனைபெயரில் எழுதிய கட்டுரை அதனைப் பொருளாதார நோக்கில் அணுகியது. வசதியுள்ள பெண்கள் பொழுதுபோக்காக ஊதியமின்றித் தைப்பது, தையலையே சீவனோபாயமாகக் கொண்ட ஏழைப் பெண்களின் பிழைப்பைக் கெடுக்கின்றது என்று அவர் வாதிட்டார். 1984 இல் ரொசிகா பாக்கர் 'கலகத் தையல்' என்ற தம் நூலில் இவ்விவாதத்தை மேலும் வளர்த்தார். பூத்தையல் பெண்ணுக்குப் பெண்மையின் இலக்கணத்தைப் போதித்த கருவியாகவும், அவ்விலக்கணத்தை அவள் எதிர்ப்பதற்குரிய கருவியாகவும் ஒருங்கே விளங்கியது என்பது அவரது முடிபு.

யாழ்ப்பாணத் தொடர்பு

இக்கல்விமுறை ஆங்கிலம் பேசும் நாடுகளோடு நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிசனரிமாரின் மனைவியர் தாம் இளமையிற் பயின்றதையே சென்ற நாடுகளிலும் பயிற்றினர். 1816 இல் யாழ்ப்பாணத்திற் பணிதொடங்கிய அமெரிக்க மிசனின் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை 1824 இல் ஆரம்பமாயிற்று. அதனை முதலில் நடத்திய ஹரியற் வின்ஸ்லோ அம்மையார், நியூ இங்கிலாந்தின் கனெக்ரிக்கற் மாநிலத்து நோர்விச் நகரில் வளர்ந்தவர். மாதிரித் துணிகளுக்கு அந்நகர் பெயர் பெற்றது. பெண்கள் எழுத்தறிதல் அருகியிருந்த அக்கால யாழ்ப்பாணத்தில், தமிழ் வாசிப்பும் எழுத்தும் தையலும் இப்பாடசாலையில் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. இங்கிலாந்தின் தருமப் பாடசாலைகள் தம் பெண்பிள்ளைகள் பலருக்கு மறுத்த பேனா இங்கு ஊசியோடு சேர்ந்தே வந்தது. எனினும் பால்வேறுபாடு மறைந்துவிடவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவப்பட்ட செமினரியில் ஆண்மக்கள் கணிதமும் வானியலும் பயின்றனர் என்பதை ஒப்புநோக்கினால் இது விளங்கும்.

முடிவு

1862 இல் இங்கிலாந்திற் கொண்டுவரப்பட்ட திருத்திய கல்விச் சட்டக்கோவை, அரசாங்க மானியம் பெறும் பாடசாலைகளின் ஆண் பெண் பிள்ளைகள் யாவரையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றிற் பரீட்சித்ததோடு, பெண்பிள்ளைகளுக்குத் தையலையும் கட்டாயமாக்கிற்று. 1870 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின்னர்ப் பாடசாலைகள் பெருகின. நெடுங்கணக்குத் துணியிலிருந்து கற்பலகைக்கும் தாளுக்கும் இடம்பெயர்ந்தது. தையல் வகுப்பு பொத்தான் துளை, மடிப்பு, ஒட்டு என்பவற்றோடு அமைந்தது. அழியாத குறியிடும் மையும் தையல் இயந்திரமும் பழைய திறனின் தேவையைக் குறைத்தன. 1900 அளவில் மணமக்களுள் ஆண் பெண் இருபாலாரிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் பதிவேட்டிற் கையொப்பமிட்டனர். எழுதும் உரிமை பரவியபோது, எழுத்துக்களைத் தைத்த துணி சேகரிப்போரின் அரும்பொருளாயிற்று.

அவ்வாறு சேகரிக்கப்பட்டவற்றை அழகுப் பொருளாக மட்டும் நோக்குவது வரலாற்றை இழப்பதாகும். இத்துணிகளைத் தைத்த பெண்களுட் பெரும்பாலோர் வேறெந்த ஆவணத்தையும் தம் கையால் விட்டுச் செல்லவில்லை. ஞானஸ்நானப் பதிவும் திருமணப் பதிவும் மரணப் பதிவும் பிறர் எழுதியவை. மாதிரித் துணியின் செய்யுளும் பிறர் கொடுத்ததே. ஆனால் அதன் கடைசி வரியில் வரும் பெயர் அவளுடையது. செய்யுளை மாற்ற இயலாத சிறுமி, அதன்கீழ் இதனைச் செய்தவள் நானே என்று தைத்து முடித்தாள். பணித்தவரின் நோக்கத்தை நிறைவேற்றிய அதே துணி, அந்நோக்கத்துக்கு அப்பாலும் ஒரு செய்தியைச் சுமந்து நிற்கின்றது.

திருமணப் பதிவேட்டில் எழுத்தறியாதோர் இட்ட குறி பெரும்பாலும் ஒன்றையொன்று வெட்டும் இரு கோடுகளாகும். குறுக்குத் தையலின் வடிவமும் அதுவே. பேனாவால் ஒருமுறை இட்டால் அக்குறி எழுத்தறியாமையின் அடையாளம். அதனையே ஊசியால் ஆயிரமாயிரம் முறை, இழைகளை எண்ணி இட்டவர்கள் அக்குறிகளாலேயே தம் பெயரை எழுதினர். எழுத்தறிவின் வரலாறு முதலாவது குறியைக் கணக்கிட்டுள்ளது. இரண்டாவதையும் கணக்கிலெடுக்கும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.